மலையில் பிள்ளைகள், சமவெளியில் பெற்றோர்

தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் பிரயாணம் செய்கிறவர்கள், ஊர் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடங்களில், உயர்ந்த மதிற்சுவரும் மஞ்சள் நிறப் பேருந்துகளின் வரிசையுமாக நிற்கும் 'இன்டர்நேஷனல் ஸ்கூல்'களை இன்று மாவட்டந்தோறும் காண்கிறார்கள். தாராளமயக் கொள்கை வந்த பின், கணிப்பொறித் தொழிலும் அயல்நாட்டு உத்தியோகமும் பெருகிய காலத்தில் முளைத்த புதுமை இது என்பதே பொதுவான அபிப்பிராயம். பெயர்ப் பலகைகளைப் பொறுத்த வரையில் அந்த அபிப்பிராயம் சரியே. ஆனால், வேற்று நாட்டுப் பாடத்திட்டத்தில், பிள்ளைகளை ஓரிடத்தில் தங்கவைத்துக் கற்பிக்கும் தனியார் பள்ளி என்னும் ஏற்பாடு நம் மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சரித்திரம் உடையது. அந்தச் சரித்திரத்தின் தலைவாசல் பழனி மலைத்தொடரின் மேலே, சுமார் 7,000 அடி உயரத்தில், கோடைக்கானல் ஏரிக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் இருக்கிறது. பள்ளிகளின் வரலாற்றைக் கட்டிடங்களின் வரலாறாகவும் தலைமையாசிரியர்களின் வரலாறாகவும் எழுதுவது வழக்கம். இந்தப் பள்ளியின் வரலாற்றையோ பெற்றோர்களின் வரலாறாகப் படித்தால்தான், அது ஏன் தோன்றியது, எதனால் நிலைத்தது, அதன் வழிவந்த பெயரால் இன்று நடப்பவற்றில் எது குறைந்திருக்கிறது என்பவை தெளிவாக விளங்கும்.

வரலாற்றின் வேரைக் காண நாம் முதலில் யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும். 1816-ஆம் ஆண்டில் அங்கே வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரிகள் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் முதலிய ஊர்களில் நிலையங்கள் அமைத்தார்கள். 1834-இல் அவர்களுடைய கிளையொன்று மதுரையில் ஊன்றியது. வந்தவர்கள் பெரும்பாலும் இளம் தம்பதிகள். இங்கேயே உழைத்து இங்கேயே மண்ணாவது என்ற சங்கற்பத்தோடு கப்பல் ஏறியவர்கள். தம் வாழ்வைப் பற்றி அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். தமக்குப் பிறக்கப்போகும் குழந்தைகளின் வாழ்வைப் பற்றி அவ்வாறு முடிவு செய்ய அவர்களால் முடியவில்லை. காய்ச்சலும் வாந்திபேதியும் கைக்குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. பிழைத்த குழந்தைகளுக்கு, அவர்கள் பிற்காலத்தில் தம் சொந்த நாட்டில் கல்லூரி புகவும் ஜீவனம் தேடவும் உதவக்கூடிய படிப்பு இங்கே கிடையாது. ஆகையால், ஏழெட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளையைக் கப்பலேற்றி, அமெரிக்காவிலுள்ள உறவினரிடமோ, தெரிந்த குடும்பத்தாரிடமோ ஒப்படைத்துவிடுவது என்ற வழக்கம் உண்டாயிற்று. சூயஸ் கால்வாய் 1869-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு பாய்மரக் கப்பலில் நாலைந்து மாதங்கள் போகவேண்டும். ஒரு கடிதம் எழுதி அதற்குப் பதில் கிடைப்பதற்குள் ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிவிடும். கடிதத்தில் பல் விழுந்ததாக எழுதிய பிள்ளைக்கு, அம்மாவின் ஆறுதல் வந்து சேருமுன் புதுப் பல் முளைத்திருக்கும்.

இந்த வழக்கத்தின் கொடுமையை அறிவதற்கு, தமிழறிந்தவர்கள் அனைவரும் நன்றியோடு நினைக்கும் ஒருவருடைய வீட்டையே பார்க்கலாம். 1862-இல் வெளிவந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதியின் ஆசிரியர் மைரன் வின்ஸ்லோ, அகராதி வேலைக்கு வெகு காலம் முன்பு உடுவிலில் வாழ்ந்தவர். அவருடைய மனைவி ஹாரியட் 1824-இல் உடுவிலில் பெண்களுக்கென்று ஓர் உறைவிடப் பள்ளியை ஏற்படுத்தினார். பெண் குழந்தையைப் படிக்க அனுப்புவதே புதுமையாக இருந்த அந்நாளில், அவளை இரவும் வேறிடத்தில் தங்கவிடுவதற்குத் தமிழ்த் தாய்மார்கள் தயங்கினார்கள். அவர்களிடம் பேசி, அவர்களுடைய நம்பிக்கையைச் சிறிது சிறிதாகச் சம்பாதித்து, அந்தப் பள்ளியை ஹாரியட் வளர்த்தார். அதே தாய்தான், தம் மூத்த மகன் சார்லஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். சார்லஸ் 1832-இல், பதினொரு வயதில், தாய் தந்தையர் அருகில் இல்லாமல் அந்த நாட்டில் இறந்துபோனான். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஹாரியட்டும் உடுவிலில் காலமானார். பிறர் பிள்ளைகளுக்குப் பள்ளி சமைத்துக் கொடுத்த பெற்றோருக்குத் தம் பிள்ளைக்கு ஒரு பள்ளி கிடைக்கவில்லை என்பதே அந்த முதல் தலைமுறையின் துயரம்.

பிரிந்து போனவர்களில் சிலர் திரும்பியும் வந்தார்கள். மதுரையில் மிஷனரி தம்பதிகளுக்குப் பிறந்த ஜான் ஸ்கடர் சாண்ட்லர் அமெரிக்காவில் யேல் கல்லூரியில் படித்துவிட்டு, பெற்றோர் உழைத்த மதுரைக்கே வந்து சேர்ந்தார். சென்னைச் சர்வகலாசாலையின் தமிழ் லெக்ஸிகன் வேலை 1913-இல் தொடங்கியபோது அதன் முதல் பதிப்பாசிரியர் ஆனவர் அவரே. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், பெற்றோர் மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அமெரிக்காவில் விடப்பட்ட சிறுமி. அந்தப் பிரிவின் வேதனையால், மிஷனரி வாழ்க்கையே தமக்கு வேண்டாம் என்று உறுதி பூண்டிருந்தவர். பின்னர் மனம் மாறி, மருத்துவம் கற்று, வேலூரில் அவர் எழுப்பிய ஆஸ்பத்திரியை அறியாத தமிழர் இல்லை. இவர்களுடைய பெருமையைப் பார்த்து, பிரிவு அவர்களுக்கு நன்மையே செய்தது என்று சொல்லிவிடலாகாது. பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்தை அடக்கிக்கொண்டு கப்பல்துறையில் நின்றவர்களும், வேண்டாத விருந்தாளியைப் போல அந்நியர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளும் ஒரு தலைமுறைக்குப் பின் ஒரு தலைமுறையாகப் பட்ட பாடுதான், இதற்கு வேறு வழியில்லையா என்ற கேள்வியை அந்தச் சமூகத்தின் நடுவில் எழுப்பியது.

வழி மலையில் கிடைத்தது. பழனி மலையின் மேற்பரப்பை 1821-இல் லெப்டினன்ட் வார்டு நில அளவை செய்திருந்தார். மதுரை மிஷனில் அடுத்தடுத்து மரணங்கள் நேர்ந்தபோது, மிஷனரிகள் முதலில் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலையில் ஓய்விடம் அமைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் துரத்தவே, அதைக் கைவிட்டு இன்னும் உயரமான இடத்தை நாடினார்கள். 1845-இல் கோடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியவர்கள் அவர்களே. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைக்கு அணை போட்டு ஏரியை உண்டாக்கினார். பின்னர் அதிகாரிகள், தோட்டக்காரர்கள், செண்பகனூரில் கல்லூரி கட்டிய சேசு சபைத் துறவிகள் என்று பலரும் வந்து சேர்ந்து, கோடைக்கானல் ஓர் ஊராயிற்று. எனினும், நீலகிரியைப் போல அது சர்க்கார் நகரமாக ஆகவில்லை. ஆரம்பத்திலிருந்தே அது குடும்பங்களின் ஊர். சித்திரை, வைகாசி வெயிலில் சமவெளி கொதிக்கும்போது, தாய்மார்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வந்து தங்குகிற ஊர். குளிர்ந்த காற்றில் அந்தக் குழந்தைகளின் கன்னம் சிவப்பதைக் கண்ட தாய்மாரின் உள்ளத்தில்தான், கப்பலுக்குப் பதிலாக மலை என்ற எண்ணம் தோன்றியிருக்கவேண்டும்.

எண்ணத்தைக் காரியமாக்கும் ஆள் 1901-இல் வந்தார். இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராக இந்தியாவில் உழைத்துவந்த ஷெர்வுட் எடி என்பவரைப் பார்க்க, அவருடைய தாயார் மார்கரெட் எடி அமெரிக்காவிலிருந்து வந்து கோடைக்கானலுக்கும் ஏறினார். கடல் கடந்து மகனைக் காண வந்த அந்தத் தாயினிடம், மகனைக் கடல் கடந்து அனுப்ப வேண்டியிருந்த தாய்மார்கள் தம் குறையைச் சொன்னார்கள். மிஷன் சபைகள் இசைந்தன. ஹைகிளர்க் என்ற பெயருடன் விளங்கிய ஒரு விடுதி வாடகைக்குக் கிடைத்தது. 1901-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று 13 பிள்ளைகளோடு பள்ளி தொடங்கியது. மார்கரெட் எடியே முதல் தலைமையாசிரியை; பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, நோய் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, இரவில் போர்வை சரிசெய்யும் வளர்ப்புத் தாயும் அவரே. இரண்டு உத்தியோகங்களும் ஒருவரிடத்தில் கூடியிருந்தது தற்செயலாக நேர்ந்த சிக்கன ஏற்பாடு என்று நான் எண்ணவில்லை. பாடத்தைக் கவனிக்கிறவரே பிள்ளையின் மனத்தையும் கவனிக்கவேண்டும் என்பது பெற்றோரின் விருப்பமாக இருந்தது. அவர்கள் வேண்டியது முதலில் ஒரு வீடு, அப்புறம்தான் பள்ளிக்கூடம்.

அந்நாளில் அங்கே போய்ச் சேருவதைச் சற்று அருகிலிருந்து பார்த்தால், பெற்றோர் எதை மேற்கொண்டார்கள் என்பது விளங்கும். திருச்சியிலிருந்து மதுரை செல்லும் ரயிலில் அம்மையநாயக்கனூரில் இறங்கவேண்டும். பிற்காலத்தில் கொடைரோடு என்று பெயர் பெற்ற நிலையம் அது. அங்கே வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் படுக்கையை விரித்துக் குழந்தைகளைக் கிடத்தி, பெரியகுளம் பக்கமாக ஏறக்குறைய 30 மைல் தூரத்தை இரவெல்லாம் கடந்தால், விடியும் வேளையில் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரும். அதிலிருந்து மேலே சுமார் 12 மைல் ஒற்றையடிப் பாதை. பெரியவர்கள் மட்டக்குதிரையிலோ கால்நடையாகவோ ஏற, சிறுவர்களையும் நோயாளிகளையும் மூங்கில் கழியில் கட்டிய நாற்காலியிலும் டோலியிலும் வைத்துச் சுமைக்கூலிகள் தோள்மாற்றித் தோள்மாற்றித் தூக்கிச் சென்றார்கள். தகரப் பெட்டிகள் தலைச்சுமையாகப் போயின. மூச்சு வாங்க நின்று, மிளகுக்கொடியும் வாழையும் விட்டுப்போய்ச் சோலையின் ஈரக்காற்று முகத்தில் படும்வரை ஏறி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, பெற்றோர் மறுபடியும் அதே பாதையில் வெறுங்கையோடு இறங்கவேண்டும். மேஜர் லாவின் பெயர் தாங்கிய மலைச்சாலை முதல் உலகப்போர்க் காலத்தில் வந்து, மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சிரமம் தீர்ந்தது. சிரமம் எவ்வளவு ஆயினும், முன்னோர் காலத்தில் கப்பலில் நாலு மாதம் என்பது மலையில் இரண்டு நாளாகச் சுருங்கியது அந்தப் பெற்றோர்களுக்குப் பெரிய விடுதலை. பிள்ளை காய்ச்சலாகக் கிடக்கிறான் என்று தந்தி வந்தால் அவர்களால் போய்ச் சேர முடியும்.

பள்ளியின் ஆண்டு அட்டவணையை அமைத்த முறையில்தான் பெற்றோரின் கை மிகத் தெளிவாகத் தெரிகிறது. மற்றப் பள்ளிகளெல்லாம் கோடையில் விடுமுறை விடும். இந்தப் பள்ளி கோடையில் நடக்கும். நீண்ட விடுமுறையை ஐப்பசி தொடங்கித் தை வரையிலான குளிர்காலத்துக்குத் தள்ளி வைத்தார்கள். சமவெளியின் வெயில் தணிந்திருக்கும் அந்த மாதங்களில் பிள்ளைகள் மதுரைக்கும் வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் நாகர்கோவிலுக்கும் வீடு திரும்புவார்கள். வெயில் ஏறும் ஏப்ரல், மே மாதங்களில் பெற்றோர் மலைக்கு வருவார்கள். அப்போது பிள்ளை விடுதியை விட்டு வெளியே வந்து, தாய் தந்தையரோடு வாடகைக் குடிலில் தங்கி, காலையில் பகல்பள்ளி மாணவனாக நடந்து போவான். இவ்விதமாக ஆண்டில் பாதிக்குச் சற்றுக் குறைந்த காலமாவது குடும்பம் ஒன்றாக இருக்கும்படி காலத்தையே வளைத்துப் பள்ளி அமைத்தார்கள். நிர்வாகத்தின் சௌகரியமோ சர்க்கார் வழக்கமோ கணக்கில் சேரவில்லை. ஒரு பிள்ளை வருஷத்தில் எத்தனை இரவு தன் வீட்டில் தூங்குவான் என்ற ஒரே கேள்வியின்மேல் நின்ற அட்டவணை அது.

எஞ்சிய மாதங்களின் பாலமாக இருந்தது ஞாயிற்றுக்கிழமைக் கடிதம். வழிபாடும் மதிய உணவும் முடிந்தபின், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதவேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கு ஆசிரியை கையைப் பிடித்து எழுதுவிப்பார். கடிதம் மலையிறங்கி, திருமங்கலத்திலோ பசுமலையிலோ ஒரு தாயின் கைக்குச் சேரும். அவள் அதில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைத்தான் அதிகம் படிப்பாள்: எழுத்து வழக்கத்தைவிடக் கோணலாக இருக்கிறதா, சிநேகிதன் பெயர் இந்த வாரம் ஏன் காணவில்லை, 'சௌக்கியம்' என்ற சொல்லுக்குப் பின் ஏன் வேறொன்றும் இல்லை? விடுதிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் எவருக்கும், எந்தக் காலத்திலும், எந்த மொழியிலும் பொதுவான அனுபவம் இது. தொலைபேசித் திரையில் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் மெலிந்துவிட்டாளோ என்று கணக்கிடும் இன்றைய தாய்க்கும், அந்தக் கோணல் எழுத்தை விளக்கின் அருகில் பிடித்துப் பார்த்த தாய்க்கும் கருவியில் மட்டுமே பேதம்.

பள்ளி வளர்ந்தது. மதுரை, ஆற்காடு மிஷன்களோடு வேறு சபைகளும் சேர்ந்துகொண்டன. பங்குகொண்ட சபைகளின் பிரதிநிதிகள் கூடிய குழு ஒன்று பள்ளியை நிர்வகித்தது. அந்தப் பிரதிநிதிகளில் பலர், தம் பிள்ளைகளை அதே பள்ளியில் வைத்திருந்தவர்கள், அல்லது வைக்கப்போகிறவர்கள். ஆசிரியர் சம்பளத்தையும் அரிசி விலையையும் கூரை ஒழுக்கையும் பற்றிப் பேசவேண்டிய கூட்டத்தில் தகப்பன்மார்களே உட்கார்ந்திருந்தார்கள். மே மாதத்தில் மேலே வந்த தாய்மார்கள், நோயாளி அறையையும் சமையற்கட்டையும் உள்ளே போய்ப் பார்க்கக்கூடியவர்களாக இருந்தார்கள். குறைகள் இருந்திருக்கும், மனஸ்தாபங்கள் இருந்திருக்கும். ஆயினும், குறையைச் சொல்கிறவரும் அதைத் தீர்க்கவேண்டியவரும் ஒருவரேயாக இருந்ததால், குறை புலம்பலாகத் தேங்காமல் தீர்மானமாக மாறியது.

இந்த நல்ல ஏற்பாட்டுக்குள் இருந்த பெரிய குறையையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. தமிழ் மண்ணின் நடுவில், தமிழர் சமைத்த உணவையுண்டு, தமிழ் ஆயாக்களின் இடுப்பில் வளர்ந்த குழந்தைகளுக்கு, அந்தப் பள்ளி கற்பித்தது அமெரிக்கப் பாடம். அந்நாட்டுக் கல்லூரியில் இடம் பெறவேண்டும் என்ற பெற்றோரின் கவலை அதற்குக் காரணம் என்பது உண்மையே. ஆனால், தமிழில் பிரசங்கம் செய்யவும் நூல் எழுதவும் வல்ல தந்தையரின் மக்கள், ஆயாவிடம் கற்ற மழலைத் தமிழோடு நின்றுவிட நேர்ந்தது. மேலும், நெடுங்காலம் வரை அது மிஷனரி மக்களுக்கென்றே இருந்த பள்ளி. டோலி தூக்கியவருடைய மகனுக்கும், விடுதியில் துணி வெளுத்தவருடைய மகளுக்கும் அதில் இடம் கிடையாது. தம் பிள்ளையைப் பிரியும் துயரத்தை நன்கறிந்த பெற்றோர்கள், பக்கத்திலிருந்த பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு உட்காரவைக்க எண்ணாமற்போனது, அந்தக் காலத்தின் எல்லையைக் காட்டுகிறது.

அந்த எல்லையைக் காலமே உடைத்தது. 1947-இல் தேசம் சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, சபைகளின் பொறுப்பு இந்தியர் கைக்கு மாறத் தொடங்கியது. ஐம்பதுகளிலிருந்து, புதிதாக வரும் அயல்நாட்டு மிஷனரிகளுக்கு அனுமதி அளிப்பதில் சர்க்கார் கட்டுப்பாடு செய்தது. மிஷனரிக் குடும்பங்கள் குறைந்துகொண்டே வந்தன. எந்தப் பெற்றோருக்காகத் தோன்றியதோ அந்தப் பெற்றோர் இல்லாமற்போகும் ஒரு பள்ளிக்கு இரண்டே வழிகள்தாம் உண்டு: கதவை மூடிவிடுவது, அல்லது வேறு பெற்றோருக்குக் கதவைத் திறப்பது. கோடைக்கானல் பள்ளி இரண்டாவதைத் தேர்ந்தது. இந்தியக் குடும்பங்களும், பிற நாடுகளிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்தவர்களும் தம் பிள்ளைகளைச் சேர்க்கலானார்கள். 1970-களில் பழைய பெயர் போய், கோடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்ற பெயர் நிலைத்தது.

இவ்விடத்தில் ஜெனீவாவின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். ஏனென்றால், கோடைக்கானல் பின்னர் ஏற்றுக்கொண்ட பாடத்திட்டம் அங்கே பிறந்தது, அதுவும் பெற்றோரின் கவலையிலேயே பிறந்தது. முதல் உலகப்போருக்குப் பின் சர்வதேச சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் ஜெனீவாவில் அமைந்தபோது, பல நாட்டு அதிகாரிகள் குடும்பத்தோடு அங்கே குடியேறினார்கள். நாடுகளுக்கிடையே சமாதானம் பேசவந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கு, எந்த நாட்டுப் பள்ளியும் பொருந்தவில்லை. ஆர்தர் ஸ்வீட்ஸர், லுத்விக் ரய்க்மன் முதலிய அதிகாரிகளும், கல்விச் சீர்திருத்தக்காரரான அடால்ஃப் ஃபெரியரும் கூடி, 1924-இல் ஒரு பள்ளியை அங்கே தொடங்கினார்கள். விரல்விட்டு எண்ணத்தக்க சில பிள்ளைகளோடு அது ஆரம்பமாயிற்று. பிரெஞ்சும் ஆங்கிலமும் அங்கே பயிற்றுமொழிகள். 1929 முதல் இருபது ஆண்டுகள் தலைமை வகித்த மரி-தெரேஸ் மோரெத் அம்மையார், ஒரு நாட்டின் வெற்றிதோல்விகளாகச் சரித்திரத்தைக் கற்பிக்காமல் உலகத்தின் பொதுச் சரித்திரமாகக் கற்பிக்கும் முறையை வகுத்தார். ஆயினும் ஒரு முடிச்சு அவிழவில்லை: பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் நாட்டுப் பரீட்சைக்குத் தனித்தனியே தயாராகவேண்டியிருந்தது. அறுபதுகளில் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் எடுத்த முயற்சியும், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த அலெக் பீட்டர்ஸன் முதலியோரின் உழைப்பும் கூடி, 1968-இல் ஜெனீவாவில் சர்வதேச பாக்கலோரியா என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. எந்த நாட்டில் படித்தாலும் எந்த நாட்டுச் சர்வகலாசாலையிலும் ஒப்புக்கொள்ளத்தக்க ஒரு பரீட்சையை ஏற்படுத்துவதே அதன் நோக்கம். பிள்ளை தன் தாய்மொழியின் இலக்கியத்தை ஆழ்ந்து கற்பதோடு இன்னொரு மொழியையும் கற்கவேண்டும் என்பது அதன் மூலக் கொள்கைகளில் ஒன்று.

1976-இல் கோடைக்கானல் பள்ளி அந்த ஸ்தாபனத்தின் பட்டயப் படிப்பை மேற்கொண்டது. இந்தியாவில் அதை முதலில் நடத்திய பள்ளி அதுவே. மலையில் பிரிவாற்றாத தாய்மாரின் முயற்சியும், ஜெனீவாவில் நிலையாத ஊரில் வாழ்ந்த தகப்பன்மாரின் முயற்சியும் இவ்வாறு ஒன்றாகக் கலந்தன. இரண்டின் தோற்றத்திலும் உயர்குடிப் பெருமையோ வியாபார நோக்கமோ மூலகாரணமாக இல்லை என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். தொழிலின் நிமித்தம் வேறு மண்ணில் வாழ நேர்ந்த பெற்றோர், தம் பிள்ளைக்கு நேரும் நஷ்டத்தை ஈடுசெய்ய ஒன்றுகூடிச் செய்துகொண்ட பரிகாரமே சர்வதேசப் பள்ளி.

பின்னர் வந்தது வேறொரு காலம். 1991-க்குப் பின் அயல்நாட்டுக் கம்பெனிகள் சென்னையைச் சுற்றி வந்திறங்கின. அவற்றில் வேலை பார்க்க வந்தவர்களுக்கும், அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கும் பள்ளி தேவைப்பட்டது. அந்தத் தேவை மெய்யானது. பத்து வயதுவரை வேறு நாட்டில் படித்த மகளை அழைத்துவந்து, தமிழ் எழுத்தும் தெரியாமல், இங்குள்ள பரீட்சை முறையும் பழகாமல் அவள் திகைத்து நிற்பதைப் பார்க்கும் தகப்பனின் மனநிலை, நூறு வருஷத்துக்கு முந்தைய மிஷனரியின் மனநிலைக்கு வெகு தூரத்தில் இல்லை. ஆனால், மெய்யான அந்தத் தேவையின் நிழலில் வேறொன்று வளர்ந்தது. எந்த நாட்டுக்கும் போகாத, எந்த நாட்டிலிருந்தும் வராத குடும்பங்களின் ஆசையை நம்பி, பெயரில் மட்டும் சர்வதேசம் தாங்கிய பள்ளிகள் மாவட்டந்தோறும் பெருகின. ஒரு தலைமுறைக்கு முன் ஊராட்சிப் பள்ளியில் தரையில் உட்கார்ந்து படித்து உத்தியோகத்துக்கு வந்த தந்தை, நிலத்தை விற்றோ, நகையை அடகு வைத்தோ கட்டணம் கட்டுகிறார்; அவருடைய தியாகம் உடுவிலின் தியாகத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

ஆனால் அந்தப் பள்ளியில் அவருக்குள்ள இடம் யாது? சேர்க்கை நாளில் விண்ணப்பப் படிவத்தோடு வரிசையில் நிற்கிறார். தம் ஆங்கிலம் போதுமோ என்ற கூச்சத்தோடு நேர்முகத்துக்கு உட்காருகிறார். கல்விக் கட்டணம், பேருந்துக் கட்டணம், சீருடை, புத்தகம், ஆண்டுவிழா என்று தவணை தவணையாக வரும் சீட்டுகளுக்குப் பணம் கட்டுகிறார். பெற்றோர் கூட்டம் என்று அழைத்தால், வகுப்பறை மேஜைக்கு எதிரில் பத்து நிமிஷம் உட்கார்ந்து மதிப்பெண்ணைக் கேட்டுக்கொண்டு எழுந்து வருகிறார். ஆசிரியர்கள் ஏன் ஆண்டுதோறும் மாறுகிறார்கள், நூலகத்தில் என்ன புத்தகம் இருக்கிறது, கணக்கு வழக்கு என்ன என்று கேட்கும் இடம் அவருக்கு இல்லை. தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டதும், அதன்படி குழு அமைத்துக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டதும், பெற்றோரின் முறையீடு எவ்வளவு பெருகியிருந்தது என்பதற்கு அத்தாட்சி. சட்டம் அவசியமே. ஆனால் சட்டம் கட்டணத்தின் அளவைத்தான் சொல்லமுடியும். பள்ளியில் பெற்றோருக்குள்ள பங்கை அது உண்டாக்கித் தரமுடியாது.

தமிழைப் பற்றியும் இதையே சொல்லலாம். 2006-இல் இயற்றப்பட்ட தமிழ் கற்கும் சட்டம், பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. சட்டத்துக்காகத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வேறு, பெற்றோர் விரும்பிக் கேட்பதால் தமிழை நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வேறு. சர்வதேசக் கல்வி என்பதன் மூலக் கொள்கையே தாய்மொழி இலக்கியத்தைப் பிள்ளை விடாமல் கற்பதாக இருக்க, அதன் பெயரால் தமிழைக் கைவிடுகிற பெற்றோர், கோடைக்கானலின் முதல் தலைமுறை நேர்ந்துவிட்ட குறையாகச் செய்ததைத் தாம் பெருமையாக நினைத்துச் செய்கிறார்கள். மிஷனரிக் குழந்தைக்குத் தமிழ் அயல்மொழி. நம் குழந்தைக்கு அது பாட்டியின் மொழி. பாட்டியோடு பேச முடியாத பேரனுக்கு உலகத்தோடு பேசத் தெரிவதனால் வீட்டில் உண்டாகும் நஷ்டம் தீர்ந்துவிடாது.

ஐடா ஸ்கடர் அம்மையார் தம் முதிய வயதைக் கோடைக்கானலில் 'ஹில்டாப்' என்ற தம் வீட்டில் கழித்து, 1960-இல் அங்கேயே காலமானார். சிறுமியாகப் பெற்றோரைப் பிரிந்து அந்நிய வீட்டில் அழுத அவர், பெற்றோரைக் கடல் கடந்து பிரியாமல் பிள்ளைகள் படிப்பதற்கென்று பள்ளி வகுத்த மலையூரில் கண்மூடினார். அவருடைய தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையில் நேர்ந்த மாறுதலை எந்த அரசாங்கமும் செய்யவில்லை, எந்தச் செல்வந்தரும் செய்யவில்லை. தம் குறையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, சேர்ந்து பொறுப்பேற்ற பெற்றோர்கள் செய்தார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து இன்றைய பெற்றோர் எடுத்துக்கொள்ளக்கூடியது இதுவே. நல்ல பள்ளி என்பது பணம் கொடுத்து வாங்கிவரும் பண்டமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தூரத்துக்குப் பிள்ளையை அனுப்பியபோதும், அவன் கல்வியின் பொறுப்பைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டவர்கள்தாம் கோடைக்கானலையும் ஜெனீவாவையும் ஆக்கினார்கள். ஆகையால், பெற்றோர் சங்கம் என்பது ஆண்டுவிழாவுக்கு நாற்காலி போடும் சங்கமாக இருந்தது போதும். வரவு செலவு படிக்கப்படும் கூட்டத்திலும், ஆசிரியரை நியமிக்கும் குழுவிலும், விடுமுறை அட்டவணையும் மொழிப் பாடமும் தீர்மானிக்கப்படும் இடத்திலும் பெற்றோரின் பிரதிநிதிகளுக்கு ஆசனம் வேண்டும் என்று கேட்கவேண்டும். கேட்டுப் பெற்றபின், அந்த ஆசனத்தில் போய் உட்கார்ந்து உழைக்கவேண்டும். தம் பிள்ளைக்கு மட்டுமன்றி, மதிலுக்கு வெளியே நிற்கிற பிள்ளைக்கும் அதில் பேசவேண்டும். பழைய பெற்றோர் செய்யத் தவறியது அது ஒன்றே. அதையும் சேர்த்துச் செய்தால்தான், பலகையில் எழுதியிருக்கிற பெரிய பெயருக்குப் பள்ளி தகுதியுடையதாகும்.